பின்பக்க ஸ்வே பாரைத் தடிமனாக மாற்றினால் என்ன ஆகும்? (ஆக்டேவியா 1.8, சென்னை ரோடு)

பதிவு 1 · பெரும்பாக்கம்_ஆக்டேவியா

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2015 ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), செகண்ட் ஹேண்டில் எடுத்தது. வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம். வண்டலூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, நசரத்பேட்டையில் இறங்கி, பெங்களூர் ஹைவே பிடிப்பது தினசரி வழி.

இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை வளைவில்தான். சுற்றி இறங்கும் சாய்தளங்களில் கொஞ்சம் வேகமாகப் போனால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளிப்பக்கமே தள்ளிக்கொண்டு போகிறது. வண்டி சாய்வதும் நன்றாகத் தெரிகிறது. கத்திபாரா லூப்பிலும் இதே கதை.

ஆபீஸ் நண்பர் ஒருவர் "பின்னாடி தடிமனான ஸ்வே பார் போடு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்; டியூட்டியோடு சேர்த்தால் சின்னத் தொகை இல்லை. போட்டவர்கள் சொல்லுங்கள். முன்சக்கரம் வழுக்குவதற்குப் பின்னாடி மருந்து போட்டால் எப்படிச் சரியாகும்? நம்ம ஊர் ரோடு இருக்கிற லட்சணத்தில் அப்புறம் வண்டியில் உட்கார முடியுமா?

பதிவு 2 · இசிஆர்_காலை_ஆறுமணி

யோசிக்காமல் போடுங்கள் தல. என்னுடையது ஸ்கோடா லாரா 1.8. பின்பக்கம் மட்டும்தான் மாற்றினேன், முன்பக்கம் கம்பெனி பாரே இருக்கிறது. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் ஒவ்வொன்றிலும் பாதி வழியில் ஸ்டியரிங்கை இன்னொரு கை ஒடிக்க வேண்டியிருக்கும். இப்போது ஒரே ஒடிப்பில் பின்பக்கம் கூடவே வந்துவிடுகிறது. வளைவை விட்டு வெளியே வரும்போது சீக்கிரமே ஆக்ஸிலரேட்டர் கொடுக்கலாம், உள்பக்க முன்சக்கரம் வெறுமனே சுற்றுவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

கொடுத்த காசுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறெதிலும் கிடைக்காது.

பதிவு 3 · சேசிஸ்_கணக்கு

பதிவு 1-ல் கேட்ட முதல் கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஸ்வே பார் என்பது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ஸ்பிரிங் கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், ஒன்றும் செய்யாது. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால், ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ள மறுக்கும் அந்த விறைப்புதான் வண்டி சாய்வதைத் தடுக்கிறது.

வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை போகும். மொத்தம் எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்வது வண்டியின் எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், எவ்வளவு வேகமாக வளைகிறீர்கள் என்பது. எந்தப் பார் போட்டாலும் இந்த மொத்தம் அநேகமாக மாறாது. மாறுவது பங்கீடு மட்டும்: அதில் எவ்வளவை முன் அச்சு தாங்குகிறது, எவ்வளவைப் பின் அச்சு தாங்குகிறது என்பது.

உத்தேசமாக ஒரு கணக்கு. ஆளோடு சேர்த்து 1400 கிலோ. முன்னால் 840, பின்னால் 560. மையம் தரையிலிருந்து 55 செ.மீ., அகலம் 1.54 மீட்டர். 0.5 ஜி-யில் (புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு வேகமாற்றத்தில்) வளைந்தால் மொத்தம் 250 கிலோ இடம் மாறும். கம்பெனி பாரில் இதை முன் அச்சு 150, பின் அச்சு 100 என்று பிரித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முன்பக்க வெளிச்சக்கரத்தில் 570 கிலோ, உள்சக்கரத்தில் 270. இப்போது பின்பாரைத் தடிமனாக்கினால் பங்கீடு 135, 115 என்று ஆகலாம். முன்னால் 555, 285. பின்னால் 380, 180 என்று இருந்தது 395, 165 ஆகும்.

இதனால் என்ன லாபம்? டயரின் குணம் அப்படி. அதன் மேல் எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. அதனால் ஓர் அச்சில் இரண்டு சக்கரங்களும் எடையை எவ்வளவு சமமாகப் பகிர்ந்துகொள்கின்றனவோ அவ்வளவுக்கு அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு அதிகம். மேலே உள்ள கணக்கில் முன் அச்சு கொஞ்சம் சமமாகிவிட்டது, பின் அச்சு கொஞ்சம் கோணலாகிவிட்டது. முன்னால் பிடிப்பு கூடியது, பின்னால் குறைந்தது. மூக்கு தள்ளுவது குறைவதன் காரணம் இதுதான். லாரா நண்பர் சொன்ன உள்பக்க முன்சக்கரமும் அதே 15 கிலோவால்தான் பிழைக்கிறது.

ஆகவே இந்தப் பார் வண்டிக்குப் புதிதாகப் பிடிப்பு எதையும் கொண்டுவருவதில்லை. பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் கொடுக்கிறது. முன்சக்கர இயக்க வண்டிகளைக் கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றே மூக்கு தள்ளும்படி அமைக்கிறார்கள், பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பவர் சுழலாமல் தப்பிக்க வேண்டும் என்று. அந்த மிச்சத்தில்தான் நீங்கள் கை வைக்கிறீர்கள்.

பதிவு 4 · பெரும்பாக்கம்_ஆக்டேவியா

அருமை சார். அப்போது எந்த அளவு எடுப்பது? 22 மி.மீ. ஒன்று கிடைக்கிறது, 24 மி.மீ. ஒன்று கிடைக்கிறது. 2 மி.மீ.தானே, பெரியதையே எடுத்துவிடலாமா?

பதிவு 5 · சேசிஸ்_கணக்கு

அந்த 2 மி.மீ.தான் ஆளை ஏமாற்றும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். பழையது 19 என்று வைத்தால், 22 போடும்போது விறைப்பு ஏறக்குறைய 80 சதவீதம் கூடும். 24 போட்டால் இரண்டரை மடங்கு ஆகிவிடும். உங்கள் வண்டியில் இருப்பது என்ன அளவு என்று முதலில் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெயின்ட், துரு எல்லாம் சுரண்டிவிட்டு அளக்கவும்.

குழாய் வடிவப் பார் என்றால் வெளிவிட்டத்தை மட்டும் பார்க்க வேண்டாம். 24 மி.மீ. குழாய், சுவர் 4 மி.மீ. என்றால் அதே அளவு கெட்டிக் கம்பியின் விறைப்பில் 80 சதவீதம் இருக்கும், எடையோ பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

முனையில் இரண்டு மூன்று ஓட்டை உள்ளதாக எடுத்தால் நல்லது. லிங்க் ராடை (பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி) உள்பக்க ஓட்டையில் மாட்டினால் பாரின் கை நீளம் குறையும், விறைப்பு கூடும். 250 மி.மீ. கை 225 ஆனால் சுமார் 23 சதவீத வித்தியாசம். வெளி ஓட்டையில் ஆரம்பியுங்கள், அதுதான் மென்மையானது.

ஒரு முக்கியமான விஷயம்: பார் 80 சதவீதம் விறைப்பானால் வண்டி சாய்வது 80 சதவீதம் குறையும் என்று நினைக்க வேண்டாம். சாய்வைத் தாங்குவதில் நான்கு ஸ்பிரிங்குக்கும் முன்பாருக்கும் பெரிய பங்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சாய்வு கொஞ்சம்தான் குறையும். ஸ்டியரிங்கில் தெரியும் மாற்றம் அதைவிட மிக அதிகம்.

பதிவு 6 · திருவான்மியூர்_ஸ்விஃப்ட்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஸ்விஃப்ட்டுக்கும் இதே மாதிரி ஒன்று விற்கிறார்கள், ஓட்டை எதுவும் போடாமல் மாட்டலாம் என்கிறார்கள். போடலாமா?

பதிவு 7 · அம்பத்தூர்_பட்டறை

ஸ்விஃப்ட் தம்பிக்கு: உங்கள் வண்டியில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். ஆக்டேவியா 1.8-ல் உள்ளது போலத் தனித்தனி ஆர்ம் கிடையாது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அந்த இரும்புப் பீமே முறுக்கிக்கொண்டு ஸ்வே பார் வேலையையும் பார்த்துவிடுகிறது. அதன் மேல் இன்னொரு கம்பியைக் கிளாம்ப் போட்டு இறுக்குவதைத்தான் விற்கிறார்கள். வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன், செய்யும். ஆனால் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் உரியும். திருவான்மியூரில் கடல் காற்றில் நிற்கிற வண்டிக்கு அந்த இடத்தில் துரு பிடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிளாம்ப் கொஞ்சம் நழுவினாலும் சத்தம் வரும். உங்கள் காசுக்கு நல்ல டயர் நாலு போடுங்கள்.

ஆக்டேவியா சாருக்கு: பத்து வருஷ வண்டி, செகண்ட் ஹேண்ட். பார் வாங்குவதற்கு முன்னால் இப்போது இருப்பது வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா? என்னிடம் "வண்டி அலையுது, பெரிய பார் போடணும்" என்று வருகிற வண்டிகளில் நிறைய பேருக்கு ஸ்டெபிலைசர் (ஸ்வே பாரின் இன்னொரு பெயர்) புஷ்தான் செத்திருக்கும். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பாரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ரப்பர் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருக்கும். அந்த இடத்தில் பாரில் பெயின்ட் போய்ப் பளபளவென்று ஒரு வளையம் தேய்ந்திருக்கும். அப்படி இருந்தால் முதல் சில மில்லிமீட்டர் வரை பார் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். லிங்க் ராடு மூட்டில் ஆட்டம் இருந்தாலும் அதே கதி. தெருவில் மெதுவாகப் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் டங் டங் என்று சத்தம் வருகிறதா?

அப்புறம் டயர். பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 3219 என்றிருந்தால் 2019-ம் வருஷம் 32-வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல்வரிகள்) நன்றாக இருந்தாலும் நம்ம ஊர் வெயிலில் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். கெட்டிப்பட்ட டயரை வைத்துக்கொண்டு பார் மாற்றுவது வீண் செலவு.

பதிவு 8 · பெரும்பாக்கம்_ஆக்டேவியா

டங் சத்தம் இருக்கிறது அண்ணா! இடது பின்பக்கம். ஷாக் போய்விட்டது என்று ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். டயர் எண் இன்று மாலை பார்க்கிறேன்.

பதிவு 9 · நங்கநல்லூர்_நடுவீதி

எனக்கு ஒரு சந்தேகம். லாரா நண்பர் குலுக்கல் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் என் தம்பி தன் வண்டியில் தடிமன் பார் போட்டுவிட்டு "இடுப்பு போச்சு" என்கிறான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் பார் வேலை செய்யாது என்று மேலே படித்தேன். பிறகு எப்படி வரும் குலுக்கல்?

பதிவு 10 · இசிஆர்_காலை_ஆறுமணி

குலுக்கல் எல்லாம் மனப்பிரமை. ஸ்பீட் பிரேக்கரில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பதிவு 11 · சேசிஸ்_கணக்கு

ஸ்பீட் பிரேக்கரில் இருக்காதுதான், நேராக ஏறினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும். இசிஆரிலும் தெரியாது, தளம் ஒரே சீராக இருக்கும். ஆனால் நங்கநல்லூர் உள்தெருவுக்கு வாருங்கள். சாக்கடை மூடி ஒரு பக்கம் அரை அடி இறங்கியிருக்கும், மெட்ரோ வாட்டர் தோண்டி மூடிய பட்டை ஒரு பக்கம் மேடாக இருக்கும். அங்கே ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது, தடிமனான பார் எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் இழுக்கும். அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் சண்டைக்கு வந்துவிடும். உடம்பு மேலே கீழே போகாமல் இடவலமாகத் தலை ஆடும். உங்கள் தம்பி சொல்வது அதுதான். பின் சீட்டில் வயதானவர்களை உட்கார வைத்து ஒரு நாள் வேளச்சேரி போய் வந்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டு பேர் சொல்வதும் சரி, ஓட்டும் ரோடுதான் வேறு.

வேகமாகப் போகும் வளைவின் நடுவே குழி வந்தால் இன்னொரு தொல்லை. பின்பக்க உள்சக்கரம் ஏற்கெனவே எடை இழந்து லேசாக இருக்கிறது. அது குழியில் இறங்குவதற்குள் பார் அதை மேலே தூக்கிப் பிடித்திருக்கும். டயர் ஒரு கணம் தரையைத் தொடாமலே போகும்.

பதிவு 12 · சோழவரம்_பார்த்தவன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன். பிறகு இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, அங்கேயும் முன்சக்கர இயக்க வண்டிகள் பின்பக்க உள்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று சக்கரத்தில் வளைவதைப் பார்க்க அழகாக இருக்கும். அந்தச் சக்கரம் காற்றில் தொங்குகிறது என்றால் பின் அச்சு தன் முழுப் பங்கையும் வெளிப்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் பார் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

டிராக்கில் அது சரி. அங்கே எதிரே தண்ணி லாரி வராது.

யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லையே என்றுதான் எழுத வந்தேன். காய்ந்த ரோட்டில் மூக்கு தள்ளினால் மனிதன் இயல்பாகக் காலை எடுப்பான். எடுத்தால் எடை முன்னால் வரும், மூக்கு பிடித்துக்கொள்ளும், வண்டி அடங்கும். தடிமனான பின்பார் போட்ட வண்டியில் ஈர ரோட்டில் அதே மாதிரி காலைச் சட்டென்று எடுத்தால், பின்பக்கம் லேசாகி அதுவே முதலில் வழுக்கும். அப்போது செய்ய வேண்டியது நேர் எதிர்: ஸ்டியரிங்கை வழுக்கும் பக்கம் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை மெல்லப் பிடித்து வைப்பது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எத்தனை பேருக்கு அது கையில் வரும்?

வெயில் காலம் முடிந்து வரும் முதல் மழையில், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து குழம்பாகிக் கிடக்கும். மேம்பால வளைவுகளில் இரும்பு இணைப்புப் பட்டை குறுக்கே ஓடும். மூன்றும் சேர்ந்து வருகிற இடம் உங்கள் கத்திபாரா லூப். 24 மி.மீ. போட்டு அக்டோபரில் அங்கே போய்ப் பாருங்கள், என்ன சொல்கிறேன் என்று புரியும். உங்கள் வண்டியில் ஈஎஸ்சி (வண்டி வழுக்கும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் வசதி) இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றும். ஈஎஸ்சி இல்லாத பழைய வண்டிக்காரர்கள் இந்த விளையாட்டுக்கே வர வேண்டாம்.

பதிவு 13 · இசிஆர்_காலை_ஆறுமணி

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இப்படிப் பயமுறுத்தினால் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். நான் மழையிலும் ஓட்டுகிறேன். அளவோடு போனால் ஒன்றும் ஆகாது.

பதிவு 14 · சோழவரம்_பார்த்தவன்

அளவோடு போனால் கம்பெனி பாரே போதுமே தம்பி.

பதிவு 15 · மடிப்பாக்கம்_இன்னோவா

சிரித்துவிட்டேன் ஐயா. என்னிடம் இன்னோவா கிரிஸ்டா. ஃபேமிலியோடு ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் போகிறோம், சாய்வு தாங்கவில்லை. பின்பார் எனக்கு உதவுமா?

பதிவு 16 · சேசிஸ்_கணக்கு

கிரிஸ்டா பின்சக்கர இயக்கம். நீங்கள் பின்பாரை விறைப்பாக்கினால் பின்பக்க உள்சக்கரம்தான் லேசாகும், இன்ஜின் சக்தி அங்கேதான் போகிறது. ஆக்டேவியாவுக்குக் கிடைக்கிற லாபம் உங்களுக்கு நஷ்டம். எட்டு பேர் ஏறிய, உயரமான வண்டியில் பின்பக்கம் வழுக்குவது நல்லதும் இல்லை. ஷாக், புஷ் நிலைமை, காற்றழுத்தம் பாருங்கள். மேலே கேரியரில் பெட்டி கட்டுவீர்கள் என்றால் அதைக் கீழே இறக்குவதே பாதி மருந்து.

பதிவு 17 · நங்கநல்லூர்_நடுவீதி

சட்டப் பக்கம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. ஆர்சி புத்தகத்தில் பாரின் விட்டம் எழுதியிருக்காது என்று வாதாடலாம். இருந்தாலும் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். நாளைக்கு விபத்து என்று வந்தால் சர்வேயர் கேட்கிற கேள்விக்குப் பதில் வேண்டும்.

பதிவு 18 · பெரும்பாக்கம்_ஆக்டேவியா

நிலவரம் சொல்கிறேன். டயர் நான்கும் 2018-ல் செய்தவை. பட்டறையில் ஏற்றிப் பார்த்தோம்: புஷ் இரண்டும் முட்டை, இடது லிங்க் மூட்டில் விரலால் அசைத்தாலே ஆட்டம். ஷாக்கில் குறையே இல்லை. புஷ், லிங்க், டயர் எல்லாம் மாற்றி, அலைன்மென்ட் பார்த்தாயிற்று.

உண்மையைச் சொன்னால், நான் புகார் சொன்னதில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. அதே சாய்தளத்தில் அதே வேகத்தில் வண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. டங் சத்தம் இல்லை. இருந்தாலும் கடைசியில் கொஞ்சம் மூக்கு தள்ளுவது இருக்கிறது. அதற்காக, ஓட்டை உள்ள பாரில் சின்ன அளவு ஒன்று ஆர்டர் சொல்லியிருக்கிறேன். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் அண்ணா?

பதிவு 19 · அம்பத்தூர்_பட்டறை

வண்டியின் பின்பக்கம் இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தொங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க் போல்ட் அடித்தாலும் வராது, வந்தால் தெறித்துக் கையில் அடிக்கும். இரண்டு பக்கமும் தொங்கினால் விரலாலேயே உருவலாம்.

சில வண்டிகளில் பாரை வெளியே எடுக்க சப்ஃபிரேமை (பின்பக்க ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டம்) கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். இறக்கினால் மறுபடி அலைன்மென்ட் கட்டாயம். அந்த போல்ட்டுகளில் பல ஒருமுறை இழுத்து முறுக்குகிற ரகம், பழையதையே திரும்பப் போடக் கூடாது. புது போல்ட் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், டார்க் ரென்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) இல்லாத இடத்தில் வேலை கொடுக்க வேண்டாம்.

புதுப் பாரோடு பாலியூரித்தேன் புஷ் வந்தால் கூட வருகிற சிலிகான் கிரீஸைத் தாராளமாக உள்ளே தடவுங்கள். சாதா கிரீஸ் வேண்டாம். தடவாமல் விட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கீச் கீச் என்று கத்தும், மழை முடிந்ததும் இன்னும் மோசம்.

பதிவு 20 · பெரும்பாக்கம்_ஆக்டேவியா

மாட்டியாயிற்று, வெளி ஓட்டையில். லாரா நண்பர் சொன்ன அந்த "பின்பக்கம் கூடவே வருவது" புரிந்தது. சாய்தளத்தில் ஸ்டியரிங் முன்பைவிடக் குறைவாக ஒடித்தால் போதும். லேன் மாறும்போது ஒரு முறை சாய்ந்து மறுபடி சாய்வது இருந்ததே, அது நின்றுவிட்டது. பெரும்பாக்கம் உள்ரோட்டில் பின் சீட்டில் அம்மா மட்டும் "என்னடா, முன்னைவிட ஆடுது" என்றார். சேசிஸ் சார் சொன்ன தலையாட்டல்தான்.

உள் ஓட்டைக்கு மாற்றும் எண்ணம் இல்லை. இப்போதைக்கு மழை எப்படி என்று பார்க்க வேண்டும்.

பதிவு 21 · சோழவரம்_பார்த்தவன்

நல்லது. மழைக்கு முன்னால் ஒன்று. முன்சக்கர இயக்க வண்டியில் முன் டயர் சீக்கிரம் தேயும். அப்போது டயர் கடையில் "இரண்டு மட்டும் புதுசு போடுங்க, முன்னாடியே மாட்டிடறோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பட்டன் உள்ள ஜோடி எப்போதும் பின்னால்தான் இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் பின்பக்கப் பிடிப்பை எடுத்து முன்னால் கொடுத்துவிட்டவர்.

பதிவு 22 · திருவான்மியூர்_ஸ்விஃப்ட்

ஸ்விஃப்ட்டுக்கும் அப்படித்தானா ஐயா?

பதிவு 23 · சோழவரம்_பார்த்தவன்

எல்லா வண்டிக்கும் அப்படித்தான் தம்பி. பார் போட்டாலும் போடாவிட்டாலும்.